முப்பத்தேழு வயதில் பொறியியல் படிக்கலாமா?

பொறியியல் என்றால் ஆண்பிள்ளைகளின் படிப்பு, அதுவும் பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகம் புகுந்தவர்களுக்கே உரியது என்ற எண்ணம் எமது சமூகத்தில் வேரூன்றியுள்ளது. போரினால் கல்வி தடைப்பட்ட பெண்கள் பலர் இதனை நம்பியே தமது விருப்பத்தைக் கைவிட்டுள்ளனர்.

எனது பணியின்போது கிளிநொச்சியில் ஒரு சகோதரியைச் சந்தித்தேன். 2006 இல் உயர்தரக் கணிதப் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தியடைந்தவர். வெட்டுப்புள்ளி போதவில்லை. 2009 இல் கணவரை இழந்தார். தையல் வேலை செய்து மகளை வளர்த்தார். இன்று மகளும் கணிதப் பிரிவில் கற்கிறாள். அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தனது பழைய ஆசை திரும்பவும் எழுந்ததாகச் சொன்னார்.

"இந்த வயசில படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று தாய் கேட்டாராம். "படிக்காட்டிலும் அந்த வயசு வரத்தானே போகுது அம்மா" என்றாராம் மகள்.

1980 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இத்தகையோருக்கான அரச பல்கலைக்கழகமாகும். அதன் தலைமையகம் நாவலையில் உள்ளது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையங்கள் இயங்குகின்றன. வயதெல்லை தடையாக இல்லை. பாடங்களைச் சிறிது சிறிதாகப் பதிவு செய்து, வேலை செய்துகொண்டே பொறியியல் பட்டம்வரை கற்கலாம். போதிய தகைமை இல்லாதவர்கள் அடிப்படைப் பாடநெறிகளிலிருந்து தொடங்கலாம். 2020 இல் கொரோனாவினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்ட பின்னர் இணையவழி விரிவுரைகள் எங்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டன.

ஆயினும் சகோதரிகளே, சிரமங்களையும் அறிந்துகொண்டே இறங்க வேண்டும். ஏனைய அரச பல்கலைக்கழகங்களைப் போலன்றி இங்கே கட்டணம் செலுத்த வேண்டும். பொறியியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. திரையில் பார்த்து மட்டும் பொறியியலாளராக முடியாது. ஆய்வுகூடப் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் நேரில் செல்ல வேண்டும். அந்த நாட்களில் பிள்ளையை யார் பார்ப்பது, பயணச் செலவுக்கு என்ன வழி என்பவற்றை முன்கூட்டியே வீட்டாருடன் பேசி முடிவெடுங்கள்.

பட்டம் பெற நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகலாம். ஆகவே முதலில் ஆங்கிலத்தைச் சீர்செய்யுங்கள். உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். இடப்பெயர்வில் தொலைத்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் அத்தாட்சிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

அந்தச் சகோதரி தனது சான்றிதழை எடுத்துவிட்டார். தையல் இயந்திரத்தின் பக்கத்தில் இப்போது ஓர் ஆங்கில அகராதியும் இருக்கிறது.