நரம்பில் முளைக்கும் கட்டிகள்

முழங்கையின் உட்புறத்தை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால், சுண்டுவிரல் வரை ஷாக் அடித்தாற்போல் சுரீரென்கிறது அல்லவா? தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் அல்நார் நரம்பு அடிபடுவதே காரணம். கையிலோ காலிலோ உள்ள ஒரு கட்டியைத் தட்டும்போது இதே உணர்வு தோன்றினால், அதைச் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று எண்ணி அறுத்துவிடக் கூடாது. கட்டியோடு நரம்பும் போய்விடலாம்.

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உடலெங்கும் செல்பவை புற நரம்புகள். மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கும் உறை உண்டு. அதை அமைப்பவை ஷ்வான் செல்கள். புற நரம்புக் கட்டிகளில் பெரும்பாலானவை இவ்வுறையில்தான் தோன்றுகின்றன. அவற்றுள் முக்கியமானவை மூன்று வகை.

முதலாவது ஷ்வானோமா. ஷ்வான் செல்களே பெருகி உண்டாவது. மெல்லிய பை ஒன்றினுள் வளர்ந்து, நரம்பிழைகளை ஓரமாக ஒதுக்கிவிடும். ஆகவே, பெரும்பாலும் நரம்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்துவிட முடிகிறது.

இரண்டாவது நியூரோஃபைப்ரோமா. இதில் வேறு செல்களும் கலந்திருக்கும். நரம்பிழைகள் கட்டியின் ஊடாகவே செல்லும். முழுவதும் அகற்ற முயன்றால் இழைகளும் அறுபடக்கூடும்.

மூன்றாவது புற்றுநோய்க் கட்டி. இது அரிது. ஆனால் இது வருவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை என்னும் மரபு நோய் உடையவர்கள். 1882இல் ஃபான் ரெக்லிங்ஹவுசன் விவரித்த அந்நோய்க்குரிய ஜீன் 17ஆம் குரோமோசோமில் உள்ளது; அந்த ஜீன் 1990இல் அடையாளம் காணப்பட்டது.

வகையை அறிவது எப்படி? முதல் கருவி மருத்துவரின் விரல்தான். இழுத்துக் கட்டிய கொடிக்கயிற்றின் முடிச்சைப் போல, நரம்புக் கட்டி பக்கவாட்டில் அசையும், நீளவாக்கில் அசையாது.

அடுத்தது எம்.ஆர்.ஐ. படம். உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப்புலத்தில் ரேடியோ அலைகளை ஏற்றுத் திருப்பித் தருகின்றன. திசுவுக்குத் திசு இது மாறுபடுவதால் படம் கிடைக்கிறது. கட்டியின் இரு முனைகளிலும் நரம்பு தொடர்வதை அதில் காணலாம்.

ஆயினும், படம் மட்டுமே எப்போதும் வகையைச் சொல்லிவிடாது. இறுதித் தீர்ப்பு நுண்ணோக்கியுடையது. எஸ்-100 என்னும் புரதத்தைக் காட்டும் சாயம் ஷ்வானோமாவில் எங்கும் அடர்ந்து பிடிக்கும். நியூரோஃபைப்ரோமாவில் சில செல்களில் மட்டும். புற்றுக் கட்டியில் பல சமயம் மங்கலாகவோ அறவே இல்லாமலோ போகும்.

நரம்புக் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் கட்டி விரைந்து வளர்ந்தாலும், ஓய்விலும் வலித்தாலும், கைகால் வலுவிழந்தாலும் தாமதிக்கலாகாது. கத்தி வைக்குமுன் கட்டி எவ்வகை என்று தெரியவேண்டும். விரல்களின் உணர்வும் அசைவும் அதைப் பொறுத்தவை.