நகம், சதை, நிலா

ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் மாலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவும் ஆறாம் ஆண்டு படிக்கும் மகளும் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளையின் கையில் மொழியணி நோட்டு. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ‘செய்யுளும் மொழியணியும்’ என்று ஒரு பகுதியே உண்டு. குறள், பழமொழி, இணைமொழி, இரட்டைக்கிளவி, மரபுத்தொடர், உவமைத்தொடர் எல்லாம் அதில் வரும்.

“நகமும் சதையும் போல. மிக நெருக்கமான நட்பு” என்று ஒப்பித்தாள்.

“ஏன்மா நகத்தைச் சொன்னாங்க? கண்ணும் மூக்கும்கூட பக்கத்துலதானே இருக்கு?” என்று கேட்டேன்.

கட்டைவிரலைப் பார்த்தாள். நகத்தை மெல்ல நெம்பினாள். “பிரிச்சா வலிக்கும், அங்கிள்.”

அதுதான் பொதுத்தன்மை. சொல்ல வந்த பொருள், அதற்கு இணையாக வைக்கும் உவமை, ‘போல’ என்ற உருபு, இரண்டுக்கும் பொதுவான தன்மை என உவமையில் நான்கு உண்டு. நான்காவதைப் பல நேரம் யாரும் சொல்வதில்லை. நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நோட்டில் உள்ள பொருளை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்தத் தேடல் கிடைக்காமலே போகிறது. எனக்கு அதில் தீராத வருத்தம்.

மலாய்க்காரர்களும் ‘பாகாய் ஈசி டெங்ஙான் கூக்கு’ என்பார்கள். ஈசி சதை, கூக்கு நகம். சொன்னதும் பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. வலி எல்லார் விரலுக்கும் ஒன்றுதானே.

தொல்காப்பியர் உவமைக்கென்று ஓர் இயலே வைத்தவர். வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் வழியாக உவமை பிறக்கும் என்கிறார். அதாவது செயல், பயன், வடிவம், நிறம். கடைக்காரர் ஒரு குவளையை உயரத் தூக்கி மற்றதில் தேநீர் ஆற்றினார். அருவி போல இறங்கியது, அது வினை. பால் சேர்க்கும் முன் செம்பனைப் பழம் போலச் சிவந்திருந்தது, அது உரு.

“இப்ப ‘போல’வை எடுத்திடு. ‘அருவித் தேநீர்’. உவமை முன்னால நிக்குது. இது உவமைத்தொகை. அப்படியே திருப்பு.”

“தேநீர் அருவி.”

“இப்ப அருவி மாதிரின்னு சொல்லலை. தேநீரே அருவி ஆயிடுச்சு. இதுதான் உருவகம்.”

மலர்முகம், முகமலர் இரண்டுக்கும் இதே கணக்குதான். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் சறுக்கும் இடம் இது. சொல் இடம் மாறினால் அணியே மாறிவிடும்.

12ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரு தேநீரில் சொல்ல முடியாது. எனக்கு மிகப் பிடித்தது தற்குறிப்பேற்றம். தானாக நடப்பதற்குக் கவிஞர் தன் மனத்திலிருந்து ஒரு காரணம் ஏற்றிச் சொல்வது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டுவதுபோல அசைகின்றன. காற்றில் ஆடிய கொடிதான். ஆனால் உள்ளே என்ன காத்திருக்கிறது என்று இளங்கோவுக்குத் தெரியுமே!

கடை வாசலில் ஜொகூர்க் கொடி படபடத்தது. “அது என்ன சொல்லுது?” என்றேன்.

“உள்ள வாங்க, தே ஆறிப்போகுதுன்னு.”

சரியாகப் பிடித்துவிட்டாள். “சரி, நீயா ஒரு உவமை சொல்லு. நோட்டுல இல்லாதது.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “எங்க அப்பா நிலா மாதிரி.”

அம்மா சிரித்துவிட்டார். நிலாவை முகத்துக்கும் அழகுக்கும் சொல்லித்தானே நமக்குப் பழக்கம். நான் விடவில்லை. “பொதுத்தன்மை என்னம்மா?”

“விடியறதுக்கு முன்னாடியே மோட்டார்ல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிடுவாங்க. ராத்திரிதான் அங்கிள் பார்க்க முடியும்.”

அம்மாவின் சிரிப்பு நின்றது. பிள்ளை பென்சிலைத் தேடி எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதினாள்.