விதையுள்ள பழத்தின் கதை

திருவாதவூர் என்றதும் வாசகர்களுக்கு மாணிக்கவாசகப் பெருமானே நினைவுக்கு வருவார். அது நியாயமே. ஆனால் சங்கப் புலவர் கபிலர் பிறந்ததும் எங்கள் ஊரே என்று நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் ஒரு மயில் வருகிறது. மலைமேல் மாங்கனி உதிர்கிறது, தேன் வடிகிறது, பலாப்பழம் நெகிழ்ந்து விழுகிறது. மூன்றும் கூடித் தேறலாக விளைந்து நிற்கின்றன. நீர் என்று எண்ணி மயில் அதைப் பருகி விடுகிறது. பிறகு, கயிற்றின்மேல் ஆடும் பெண்ணைப்போலத் தள்ளாடுகிறது. வகுப்பில் இந்த இடம் வந்தால் பிள்ளைகள் சிரிக்காமல் இருந்ததில்லை.

அந்தத் தேறலில் மாவும் பலாவும் இருக்கின்றன. திராக்ஷை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழந்தமிழ் நாட்டுக்குத் திராக்ஷை மது கப்பலேறி வந்தது. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொணர்ந்த மணமுள்ள தேறலைக் குறிப்பிடுகிறார். 1945-ல் வீலர் துரை அரிக்கமேட்டைத் தோண்டியபோது, அத்தகைய மதுவை ஏற்றி வந்த ரோமானிய ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. ஜாடி வந்தது, கொடி வரவில்லை. கொடி வந்தது வெகு காலத்திற்குப் பின்புதான். அப்படி வந்த கொடிகளுள் ஒன்றைப் பற்றியே இன்று எழுத எண்ணினோம்.

எழுதத் தூண்டியது ஒரு சிறு சம்பவம். பள்ளி விழா ஒன்றில் பிள்ளைகளுக்குக் கறுப்புத் திராக்ஷை வாங்கி வைத்திருந்தோம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு பழத்தை வாயில் போட்டான்; முகத்தைச் சுளித்தான்; "விதை இருக்கு, சார்!" என்று தட்டைத் திருப்பித் தந்துவிட்டான். அவனைக் கண்டு மற்றவர்களும் தந்தார்கள். பழம் நல்ல பழம். வாசனையோ, அறை முழுவதும் ரோஜாப் பன்னீர் தெளித்தாற்போல் இருந்தது. எங்கள் இளம் பருவத்தில் திராக்ஷை என்றால் விதையோடுதான் வரும். விதையைத் துப்புவது அதைத் தின்னும் இன்பத்தில் ஒரு பாதி. இப்பொழுது அதுவே குற்றமாகிவிட்டது.

உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவருக்குச் சுருளிப்பட்டியில் உறவினர் இருக்கிறார், திராக்ஷைத் தோட்டக்காரர். விடுமுறையில் அங்கே போய் வந்தோம். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பஸ் போகப் போக, மேற்கே மலை நெருங்கி வருகிறது. கம்பத்தைத் தாண்டியதும் இருபுறமும் பந்தல்கள். கல்தூண்களை நட்டு, மேலே கம்பிகளைப் பின்னி, அதன்மேல் கொடியைப் படர விட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் மங்கிய பச்சை வெளிச்சம்; தலைக்கு மேலே கறுத்த குலைகள். பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இங்கே இறங்கி, வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து, எங்கள் மேலூர் வட்டத்து வயல்களுக்கும் வருகிறது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் பிள்ளைகள்தாம் நாங்கள் இருவரும் என்று தோட்டக்காரரிடம் சொன்னோம். "மேல போற பிள்ளைக்குத்தான் முதல் சோறு, சார்" என்றார் அவர்.

இந்தப் பழத்திற்கு நம்மவர் பன்னீர்த் திராக்ஷை என்று பெயரிட்டார்கள். கர்நாடகத்தில் குலாபி என்கிறார்கள். சீனத்தில் இதற்கு ரோஜா மணம் என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. ஒருவரை ஒருவர் கேளாமல் மூன்று தேசத்து ஜனங்களும் ஒரே பூவை முகர்ந்திருக்கிறார்கள்! ஐரோப்பியர் வைத்த பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கறுப்பு ஹாம்பர்க் என்னும் பழத்திற்கும் அலெக்ஸாந்திரியா மஸ்கட் என்னும் பழத்திற்கும் பிறந்தது இது என்பது மரபணுச் சோதனையிலும் உறுதியாயிற்று. தாய்க்கொடிகளுள் ஒன்று எகிப்தின் பெயரைத் தாங்கியது; வளர்ப்பு இங்கிலாந்தின் கண்ணாடித் தோட்டம்; வாழ்க்கைப்பட்டதோ கம்பம் பள்ளத்தாக்கு.

தமிழ்நாட்டிற்கு இதைக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்றும், அது 1832-ல் நடந்தது என்றும் சொல்வது வழக்கம். ஆங்கிலத் தோட்டக்காரர்களின் கணக்கோ, அந்தப் பழமே சுமார் 1850-ல்தான் பெட்ஃபோர்ட்ஷயரில் விதையிலிருந்து எழுந்தது என்கிறது. பிள்ளை பிறப்பதற்குப் பதினெட்டு வருஷம் முன்னமே அதைத் தொட்டிலில் போட்ட கதை இது! சரித்திர பாடம் நடத்துகிறவர்களுக்கு இத்தகைய முரண்பாடு உறுத்தாமல் இராது. பாதிரியார் கொணர்ந்தது வேறொரு மஸ்கட்டாக இருந்து, பிறகு வந்த ஹாம்பர்க் அதன் பெயரையும் புகழையும் சுவீகரித்திருக்கலாம் என்பது நமது ஊகம்.

குளிர் தேசங்களில் திராக்ஷைக் கொடி மாரிக்காலத்தில் இலையுதிர்ந்து உறங்கும். வருஷத்திற்கு ஒரே அறுவடை. நம் நாட்டில் அதற்கு உறக்கம் வருவதில்லை. ஆகவே கவாத்துக் கத்திதான் அதற்கு மாரியும் வேனிலும். கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை வரை எடுக்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றில் கத்தி, ஒன்றில் பூ, ஒன்றில் பழமாக ஏதேனும் ஒரு பந்தல் ஆண்டு முழுவதும் கறுத்திருக்கும். இதுதான் கம்பத்தின் பலம். ஆனால் உறங்காத கொடிக்கு நோயும் உறங்குவதில்லை. சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் மருந்தடித்தே பணம் கரைகிறது என்றார் தோட்டக்காரர். அந்த மருந்துகளுள் ஒன்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. 1880-களில் பிரான்சின் மதுத் தோட்டங்களைக் காக்கப் பிறந்தது.

பழ ஜாதிகளுக்கும் மனிதரைப்போல ஜாதகம் உண்டு போலும். 1890 வாக்கில் அப்துல் பாக்கர் கான் என்பவர் ஹைதராபாத்தில் நட்ட அனாப்-இ-ஷாஹி பின்னாளில் தெற்கெங்கும் பரவிற்று. பெரிய குலை, ஏராளமான விளைச்சல். பிறகு விதையில்லாத தாம்ஸன் வந்தது. ராஜாவின் திராக்ஷை என்று பெயர் பெற்றது ராஜ்யத்தை இழந்தது. தாம்ஸனிலும் கண்ணுள்ள விவசாயிகள் திரிபான கிளையைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். சோலாப்பூர் மாவட்டத்து நானஜ் கிராமத்தில் நானாசாகேப் காளே நீண்ட மணியுள்ள சோனாக்காவை அப்படித்தான் கண்டெடுத்தார். அமெரிக்காவில் பிறந்த இஸபெல்லாவின் கதை இன்னும் வேடிக்கை. 1934-ல் பிரான்சு சட்டம் போட்டு அதைத் தள்ளிவைத்தது. அதே பழம் பெங்களூர் நீலம் என்ற பெயரில் 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. யாழ்ப்பாணத்தார் திராக்ஷையை முந்திரிகை என்பார்கள். அவர்கள் பந்தலில் இஸ்ரேல் புளூ என்னும் ஜாதி படர்கிறது.

மேல்நாடுகளில் பழத்திற்குப் புகழ் தருகிறவர் மது வடிப்போர். ரோன் நதிக்கரையில் வியோனியே என்னும் கொடி 1960-களில் சில ஏக்கராகக் குறுகி, அழிந்துவிடும் என்று அஞ்சும்படி இருந்தது. இரண்டொருவர் விடாப்பிடியாக வைத்திருந்தார்கள். ருசி கண்டவர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். இன்று மஹாராஷ்டிரத்திலும் அது வளர்கிறது. சிலி தேசத்தாரோ கார்மனேர் என்பதை மெர்லோ என்று நினைத்தே நூறு வருஷத்திற்குமேல் குடித்திருக்கிறார்கள். 1994-ல் பூர்ஸிக்கோ என்ற பிரெஞ்சு நிபுணர் தோட்டத்தில் நின்று, இது வேறு கொடி என்று சொன்னார். தவறு என்று வெட்கப்படாமல் அந்தப் பெயரையே சிலியர் தங்கள் கொடியாக உயர்த்திவிட்டார்கள். நம் பன்னீரும் வெளியூரில் இப்படிப் பேர் எடுத்திருக்கிறது. 1980-ல் டியன்ஸினில் பிரெஞ்சுக்காரர் கூட்டுறவோடு தொடங்கிய மதுச்சாலை இதைக்கொண்டே பிரஸித்தி பெற்றது. கலிபோர்னியாவில் இதிலிருந்து எலிஸியம் என்ற தித்திப்பு மது செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அந்த வழி திறக்கவில்லை. 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபை சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-க்குள் அது மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-ல் அதைத் தளர்த்தியபோது கடைக்கு வந்தவை சாராய ஜாதிகளே. குடியைப் பற்றிய நமது அபிப்பிராயம் வாசகர்களுக்குத் தெரியும், அதில் மாற்றமில்லை. எனினும் பன்னீரின் சிறந்த குணமாகிய வாசனையை மதித்து விலை கொடுப்போர் இங்கே யார் என்ற கேள்வி நிற்கிறது. கிறிஸ்துவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் பரணியில் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஊற வைப்பவர்கள் இதையே தேடி வாங்குகிறார்கள். மதுரைப் பழரசக் கடைக்காரர்களும் அப்படியே. விதையில்லாத பச்சைப் பழத்தில் நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

தோட்டக்காரர் எங்களைப் பந்தலின் ஒரு மூலைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கல்தூண்கள் மட்டும் நின்றன. அரை ஏக்கர் கொடியைப் போன வருஷம் வெட்டி எடுத்துவிட்டாராம். தை முதல் சித்திரை வரை மஹாராஷ்டிரத்து விதையில்லாப் பழம் லாரி லாரியாக இறங்கும். அந்த மாதங்களில் பன்னீரைக் கேட்பாரில்லை. மெல்லிய தோல், நாலு நாள் பயணம் தாங்காது. மூத்த மகன் மீதியையும் வெட்டிவிட்டு வேறு பயிர் வைக்கச் சொல்கிறான்.

"விதை இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. வாசனை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே, சார்!" என்றார் அவர். தட்டைத் திருப்பித் தந்த பையனைப் பற்றி நாம் அவரிடம் சொல்லவில்லை.

2023-ல் கம்பம் பன்னீர்த் திராக்ஷைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையடிவாரத்துப் பத்துக் கிராமங்களில் சுமார் 2,000 ஏக்கரில் விளைவது என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. குறியீடு வந்ததால் விலை ஏறிற்றா என்று கேட்டோம். "பேரு வந்திருக்கு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராக்ஷை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய் ரசம் பிழிந்து புட்டியில் அடைப்பதைப் பற்றி விசாரிக்கப் போவதாகவும் சொன்னார். மகனிடம் அதற்காக ஒரு வருஷம் தவணை வாங்கியிருக்கிறாராம்.

புறப்படும்போது ஒரு கூடைப் பழமும், ஈரத்துணியில் சுற்றிய நாலு கவாத்துக் குச்சிகளும் கொடுத்தார். குச்சிகளுள் மூன்று எங்கள் ஊர் வெயிலில் கருகிவிட்டன. ஒன்று கிணற்றடியில் துளிர்த்திருக்கிறது.

போன வாரம் மாட்டுத்தாவணிப் பழச் சந்தைக்குப் போயிருந்தோம். முன்பெல்லாம் "கறுப்பு! கறுப்பு!" என்று கூவுகிற தள்ளுவண்டிக்காரர் இப்போது "கம்பம் பன்னீர்!" என்று கூவினார். விலை கேட்டோம்; கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகச் சொன்னார். பேரம் பேசாமல் இரண்டு கிலோ வாங்கினோம். வீட்டில் அதற்குக் கிடைத்த பாராட்டை இங்கே எழுதுவதற்கில்லை. ஆயினும் இரவு படுக்கப் போகுமுன் பார்த்தபோது கிண்ணத்தில் பழம் ஒன்றுகூட இல்லை, விதைகள்தாம் இருந்தன.