உங்களுக்குத் தெரியுமா? சுடாத துப்பாக்கிக்கு 30 ஆண்டு!

அமெரிக்காவில் கொள்ளையடித்தால் ஒரு தண்டனை. துப்பாக்கியோடு கொள்ளையடித்தால் அதற்கு மேல் இன்னொன்று. 1968-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் இது. வன்முறைக் குற்றத்திலோ போதைப்பொருள் கடத்தலிலோ துப்பாக்கியும் சேர்ந்தால், இன்றைய கணக்கில் குறைந்தது 5 ஆண்டு கூடுதல் சிறை. நீட்டி மிரட்டினால் 7. சுட்டால் 10. இரண்டு தண்டனைகளையும் ஏககாலத்தில் கழித்துவிட முடியாது. ஒன்று முடிந்துதான் மற்றது.

வங்கிக் கொள்ளையன் ஒருவன் பணத்தை அள்ளும்போது, கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. தவறி வெடித்தாலும் 10 ஆண்டுதான் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது.

1993-இல் வந்த தீர்ப்பு இன்னும் விசித்திரம். ஒருவர் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு கொக்கெய்ன் வாங்கப் பார்த்தார். சுடவில்லை; மிரட்டவும் இல்லை. பண்டமாற்றும் துப்பாக்கியைப் ‘பயன்படுத்துவது’தான் என்றது உச்ச நீதிமன்றம். தானியங்கி என்பதால் 30 ஆண்டு! நீதிபதி ஸ்காலியா இதை ஏற்கவில்லை. ஒருவரிடம் கைத்தடி பயன்படுத்துவீர்களா என்று கேட்டால், நடக்க ஊன்றுகிறாரா என்றுதானே அர்த்தம்? தாத்தாவின் தடி கூடத்தில் அலங்காரமாக இருக்கிறதா என்றா கேட்கிறோம் என்பது அவர் வாதம். (நியாயம் அவர் பக்கம்தான் என்று தோன்றுகிறது.)

வேடிக்கை இதோடு முடியவில்லை. போதை மாத்திரைகளைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்ட இன்னொருவர், அதைப் ‘பயன்படுத்தவில்லை’ என்று 2007-இல் அதே நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.