பனிப் பாலையில் ஓர் ஆற்றுப்படை

பாலைத் திணையை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். பாலை நிலத்தை ஒரு நாளேனும் கண்டவனல்லேன். களனி கங்கைக் கரையில் வாழ்பவனுக்கு அதனைக் காணும் வாய்ப்பு ஏது? களனி என்னும் பெயரொலியே கழனியை நினைப்பூட்டுவது. 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் கங்கை கரை கடந்தபோது, என் வீட்டு முற்றத்தில் முழங்காலளவு நீர் நின்றது. உரைநூல்களைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு வெள்ளம் வடியக் காத்திருந்தேன். வடிந்தபின் நடந்த முதல் வகுப்பிலே, நீரற்ற சுரத்தில் யானை வாடி நிற்கும் காட்சிக்குப் பொருள் கூற நேர்ந்தது. மாணவர் சிரித்தனர். அச்சிரிப்பு என் நெஞ்சில் நெடுநாள் தங்கியிருந்தது.

தொல்காப்பியர் பாலையை நடுவுநிலைத் திணை என்றார். ஏனை நான்கிற்கும் நிலம் வகுத்தவர், இதற்குத் தனிநிலம் வகுத்தாரில்லை. இளங்கோவடிகளோ, வேனில் வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்று காட்டினார். ஆகவே, தமிழர் கண்ட பாலை பருவத்தாற் பிறப்பது. மழை வந்தால் மறைவது. என்றும் பாலையாகவே கிடக்கும் நிலமும் உண்டு, அது கடுங்குளிரின் நடுவிலும் அமையும் என்பதை நான் கண்ணாற் கண்டது 2024 ஆம் ஆண்டு ஆனித் திங்களிலேதான்.

தாயின் வேண்டுகோள்

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து என்னிடம் தமிழ் கற்ற மாணவன் ஒருவன் இன்று பொறியியலாளனாக இருக்கின்றான். உரிமை பற்றி ‘அவன்’ என்றே எழுதுகின்றேன். மோட்டார்ச் சைக்கிளில் அவனுக்குப் பெருங்காதல். வட இந்தியாவிலுள்ள மணாலியிலிருந்து லடாக்கின் லே நகர் வரை, வழிகாட்டி ஒருவரின் கீழ்ப் பன்னிருவர் மோட்டார்ச் சைக்கிளிற் செல்லும் பயணத்துக்கு அவன் பெயர் கொடுத்திருந்தான்.

வெள்ளவத்தையிலே சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் வகுப்புக்கு ஒரு நாள் அவன் தாயார் வந்தார்.

“ஐயா, நான் மறிச்சால் கேக்கமாட்டான். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ” என்றார்.

மகட் போக்கிய தாயின் புலம்பலை எத்தனை முறை நயம்படக் கற்பித்திருக்கின்றேன்! அந்தத் தாய் என் முன் வந்து நின்றபோது எனக்கு நயம் ஒன்றும் தோன்றவில்லை. ஆயினும், போகாதே என்று அவனிடம் கூற வாய் எழவில்லை. சுரம் கடந்த தலைவரைப் புகழ்ந்து புகழ்ந்து அவனுக்குப் பாடம் சொன்னவன் நானன்றோ? “அம்மா, சாமான் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் ஜீப்பில் நானும் போகின்றேன்” என்றேன். ஐம்பத்தாறு வயதில், வேட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கம்பளிக் காற்சட்டை அணிந்து புறப்பட்டேன்.

வறட்சியின் காரணம்

லடாக் என்பது இமயத்தின் வடபால் அமைந்த மேட்டு நிலம். 2019 ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் ஒன்றியப் பிரதேசங்களுள் ஒன்று. லே நகரில் ஓராண்டிற் பெய்யும் மழையும் பனியும் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர். கொழும்பிலோ அது 2,400 மில்லிமீற்றர் அளவினது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தபோது வியந்தேன். களனி கங்கையைப் பெருக்கெடுக்கச் செய்யும் அதே தென்மேற்குப் பருவக்காற்றே வடக்கு நோக்கிச் சென்று இமயத்தின் தென்சரிவில் முட்டுகின்றது. மேலே ஏறிக் குளிர்ந்து, தன்பால் உள்ள நீரையெல்லாம் அங்கே சொரிந்துவிடுகின்றது. மலையைக் கடக்கும் காற்று வறுங்கையுடன் செல்கின்றது. என் முற்றத்தில் நின்ற வெள்ளமும் அந்நிலத்தின் வறட்சியும் ஒரே காற்றின் இரு செயல்கள் எனலாம்.

அவர்கள் ஏறிச் சென்ற வண்டிக்கும் நமக்கும் ஓர் உறவுண்டு. றோயல் என்பீல்ட் என்பது ஆங்கில நாட்டுப் பெயர். எனினும், இந்தியப் படையினர் எல்லைக் காவலுக்கு அவ்வண்டியை விரும்பியமையால், 1955 ஆம் ஆண்டில் சென்னையில் கூட்டு நிறுவனம் ஒன்று தோன்றித் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் அத்தொழில் நின்றுபோன பின்னரும் தமிழ்நாட்டில் அது நிலைத்து வளர்ந்தது. இம்மலைப் பாதைகட்கென்றே ‘ஹிமாலயன்’ என்னும் வகையை 2016 இல் வெளியிட்டனர். பிரியேன் என்று சங்கிலியார்க்குச் சூளுரைத்த சுந்தரர், அச்சூள் பிழைத்துத் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவ்வூரின் பெயரோடு வளர்ந்த வண்டி, இன்று பிரிந்து செல்வார்க்கு வாகனமாயிருப்பதை எண்ணிச் சிறிது நகைத்தேன்.

சென்று வந்தவன் சொல்

புறப்படுமுன் வழிகாட்டி அனைவரையும் அமர்த்தி விதிகளைக் கூறினார். அவர் அம்மலை நாட்டவர்; நாற்பது வயதினர். முன்னே வழிகாட்டி செல்வார். அவரை ஒருவரும் முந்தலாகாது. கடைசியில், பழுதுபார்ப்பவர் தம் வண்டியில் வருவார். அவருக்குப் பின் ஒருவரும் தங்கலாகாது. இடையில் உள்ளோர்க்கு விதி ஒன்றே: உனக்குப் பின்னால் வருபவன் உன் கண்ணாடியில் தெரியவில்லையாயின், தெரியும்வரை நில். நீ நின்றால் உன் முன்னால் உள்ளவனும் நிற்பான். இவ்வாறே செய்தி வழிகாட்டி வரை சென்றடையும்.

வண்டி ஓட்டும் முறையையும் விளக்கினார். மணலிலும் பரலிலும் முன் சக்கரத்தை நோக்காதே. செல்லவேண்டிய இடத்தை நோக்கு. முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் விழுவாய். மிதியில் எழுந்து நின்று ஓட்டினால், கீழே வண்டி துள்ளினும் உடல் நிலைகுலையாது. ஓடையில் இறங்கினால் வேகம் மாறாமற் செல், நடுவில் நில்லாதே. ஓடைகளை முற்பகலிலேயே கடக்கவேண்டும் என்றார். வெயில் ஏற ஏறப் பனி உருகுமாதலால், காலையிற் கணுக்காலளவு ஓடும் நீர் பிற்பகலில் வண்டியைப் புரட்டும் வெள்ளமாகும். பாலையிலே நீரின்மையால் அன்று, நீரால் ஆபத்து!

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வந்தன. பரிசில் பெற்று மீள்பவன், பெறச் செல்பவனை எதிர்ப்பட்டு வழி கூறுவதே ஆற்றுப்படை. கூத்தராற்றுப்படை என்னும் மலைபடுகடாத்திலே பெருங்கௌசிகனார், வழுக்கும் இடம் எது, பாம்பு உறையும் குழி எது, இரவில் எங்கே தங்கவேண்டும், எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கூறிச் செல்கின்றார். இவற்றையெல்லாம் வருணனை என்றே இதுவரை கற்பித்து வந்தேன். அவை உயிர்காக்கும் சொற்கள் என்பது அன்றுதான் விளங்கிற்று. வீரன் கூறுவதன்று ஆற்றுப்படை. சென்று மீண்டவன் கூறுவது.

சுரத்தின் வாயில்

மணாலியிலிருந்து புறப்பட்டு, ரோதாங் கணவாயின் கீழே 9 கிலோமீற்றர் நீளத்துக்குக் குடைந்த அடல் சுரங்கப் பாதையிற் புகுந்தோம். 2020 ஆம் ஆண்டிலே அது திறக்கப்பட்டது. புகும்போது தேவதாரு மரங்களும் சாரலும். வெளிப்படும்போது வேறொரு வானம். தண்டி என்னும் இடத்தில் அனைவரும் பெற்றோல் நிரப்பிக்கொண்டனர். அடுத்த நிலையம் 365 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது என்று அங்கே நெடுங்காலம் நின்ற அறிவிப்புப் பலகை இப்பாதையிற் செல்வாரிடையே பெரும் புகழ் பெற்றது. அன்றிரவு ஏறத்தாழ 3,200 மீற்றர் உயரத்தில் உள்ள ஜிஸ்பாவில் தங்கினோம்.

மறுநாள் பாரலாச்சா கணவாய். உயரம் 4,800 மீற்றருக்கு மேல். மரம் மறைந்தது; பின்னர்ப் புதரும் மறைந்தது. செம்மை, மஞ்சள், சாம்பல், ஊதா என மண்ணே நிறம் காட்டி நின்றது. மலைகள் உரித்த தோலுடையன போலக் கிடந்தன. கணவாய்க்கு அப்பால், வளையொன்றின் வாயிலில் மர்மொட் என்னும் பருத்த விலங்குகள் இரண்டைக் கண்டேன். ஒன்று மேய்ந்தது, மற்றொன்று நிமிர்ந்து நின்று காவல் செய்தது. பாலைப் பாட்டில் விலங்கின் அன்பைக் கண்ட தலைவன் மனையை நினைவான் என்று இறைச்சிப் பொருள் கூறுவோம். அஃது உரையாசிரியர் கற்பனையன்று. எனக்கும் அப்போது மனை நினைவே வந்தது.

மாலையில், 4,290 மீற்றர் உயரத்துச் சர்ச்சு வெளியில் கூடாரங்களை அடைந்தோம். வழிகாட்டி ஒவ்வொருவரையும் தனித்தனியே அணுகி, உணவு கொண்டாயா, தலை வலிக்கின்றதா என்று வினவினார். என் மாணவன், “ஒன்றுமில்லை” என்றான்.

அந்த மூன்று மணிநேரம்

இருவரும் ஒரே கூடாரத்தில் இருந்தோம். ஒன்பது மணியளவில் அவன் வாந்தியெடுத்தான். தலை பிளப்பதுபோல் வலிக்கின்றது என்றான். நான் எழுந்தேன். அவன் என் கையைப் பற்றிக்கொண்டான்.

“ஐயா, அவரிடம் சொல்லவேண்டாம். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார். என்னால் எல்லாருக்கும் நாள் கெடும். விடியச் சரியாகிவிடும்.”

மூன்றாண்டுகள் பணம் சேர்த்தவன். இரவு பகலாக இதனையே பேசியவன். இரக்கத்தால் நான் வாளாவிருந்தேன். நள்ளிரவில் அவன் வெளியே செல்ல எழுந்து தள்ளாடினான். இடக்கை உறையை வலக்கையில் மாட்ட முயன்று, முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஐயா, ஜிஸ்பா வந்துவிட்டதா?” என்றான். சற்றுப் பின்னர் மறுபடியும் அதையே கேட்டான். அதற்குமேல் நான் தாமதிக்கவில்லை.

வழிகாட்டி வந்து, நிலத்தில் ஒரு நேர்கோடு கீறி, ஒரு காலின் குதி மறுகாலின் விரல்நுனியிற் படுமாறு அடிவைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். அவனால் நான்கு அடி வைக்க இயலவில்லை. உயரத்தால் மூளையில் நீர் கோத்து வீங்கும் நோயின் அறிகுறி அது. மருந்து சிறிது துணை செய்யும். பிராணவாயு சிறிது துணை செய்யும். உயிர் காப்பது கீழே இறங்குதல் ஒன்றே. சர்ச்சுவிலோ இறங்குவதற்கும் ஏறவேண்டும்; இருபுறமும் கணவாய்கள். பிராணவாயுக் குழாயை அவன் முகத்திற் பொருத்தி, ஜீப்பில் கிடத்தி, வந்த வழியே பாரலாச்சாவை நோக்கிப் புறப்பட்டோம். இரவுக் குளிரில் பனி உறைந்திருந்தமையால் ஓடைகளில் நீர் குறைந்திருந்தது. அவன் தலையை மடியில் ஏந்தியிருந்த எனக்கு, கொட்டாஞ்சேனைத் தாயின் முகம் அன்றி வேறொன்றும் தோன்றவில்லை. கேலாங் மருத்துவமனையை அடைந்தபோது விடிந்துவிட்டது. அங்கே தாழ்வில், இரண்டாம் நாள் அவன் தெளிந்து எழுந்தான்.

ஜீப் திரும்பி வரும்வரை ஏனைப் பதினொருவரும் சர்ச்சுவில் ஒரு நாள் முழுதும் காத்திருந்தனர். கண்ணாடியில் ஒருவன் தெரியவில்லை, ஆதலால் நின்றனர். பின்னர் அவர்கள் லே சென்றடைந்தனர். நாங்கள் இருவரும் அந்நகரைக் காணாமலே கொழும்புக்கு மீண்டோம். பிரிந்தபோது நான் வழிகாட்டியிடம், மூன்று மணிநேரம் மறைத்தமைக்கு மன்னிப்புக் கேட்டேன். “மறைப்பவரை மலையிலே நிறையக் கண்டிருக்கின்றேன்; அன்பினால் மறைப்பவரிடத்தேதான் எனக்கு அச்சம் மிகுதி” என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

தலைவன் இடைவழியிலும் மனையிலும் தன் செலவை நிறுத்துதலைச் ‘செலவழுங்கல்’ என்பர். அது போகாதொழிதல் அன்று, தலைவியை ஆற்றுவித்தற்பொருட்டுச் சிறிது தங்குதலே என்று தொல்காப்பியர் தெளிவுபடுத்துகின்றார். இதனைத் துறைப்பெயராக மனப்பாடம் செய்வித்தேன்; வாழ்வின் விதியாகச் சொல்லிக்கொடுத்தேனில்லை. நிற்கக் கூச்சப்படாத ஒருவனை உருவாக்கியிருந்தேனாயின், அவன் மாலையிலேயே தலைவலியைச் சொல்லியிருப்பான். பிழை அவனுடையது மாத்திரமன்று.

பல மாதங்கள் அவன் என்னைக் காண வரவில்லை. காட்டிக்கொடுத்தேன் என்று சினந்தான்போலும் என்றிருந்தேன். சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள், வெள்ளவத்தை வகுப்பு முடிந்து மாணவர் கலைந்தபின், தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். கையில் ஒரு தாள். மறுபடியும் செல்வதற்கு அவன் வகுத்த நாள்நிரல் அது. தாயாரிடம் காட்டி அவர் இசைவைப் பெற்றுவிட்டதாகக் கூறினான். வாங்கிப் படித்தேன். ஜிஸ்பாவில் ஓரிரவுக்குப் பதிலாக மூன்று இரவுகள் குறிக்கப்பட்டிருந்தன. மிகையான அந்நாட்களுக்கு எதிரே, ஒரே சொல்லைத் தன் கையால் எழுதியிருந்தான்: செலவழுங்கல்.

ஆசிரியன் வழக்கம் விடுமோ? எழுத்தைக் கூட்டிப் பார்த்தேன். ழகரமும் ளகரமும் மயங்காமல், சரியாகவே இருந்தது.