வேர் ஒரு மரம், கிளை ஒரு மரம்



தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகிறவர்கள் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். சாப் கோ மே இரவில் எஸ்பிளனேட் கடற்கரையில் சீனப் பெண்கள் ஆரஞ்சுப் பழங்களைக் கடலில் எறிவார்கள். இப்படிப் பினாங்கு மக்கள் எல்லாருக்கும் வேண்டிய இந்தப் பழ மரங்கள் நம் வீட்டுப் பின்புறங்களிலும் நிற்கின்றன. நன்றாகக் காய்த்த மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போவது ஏன்? நோயைத் தாங்கும் வேர் என்று ஒன்று உண்டா? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக்கட்டுவது நமக்குப் புதிதல்ல. விதையில் முளைத்த கன்றின் தண்டில் நல்ல பால்மரத்தின் மொட்டைப் பதித்துக் கட்டுகிறோம். ஆரஞ்சுக்கும் அதே முறைதான். அடியில் நிற்பதை வேர்ச்செடி என்றும், மேலே வளர்வதை ஒட்டு என்றும் சொல்வோம். பழத்தின் இனம் ஒட்டைப் பொறுத்தது. மண்ணின் ஈரத்தையும் நோயையும் எதிர்த்து நிற்பது வேர்ச்செடியின் வேலை.

ஈர மண்ணில் ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. அது அடிமரத்தை அழுகச் செய்யும். பட்டையிலிருந்து பிசின் வடியும். 19ஆம் நூற்றாண்டில் இந்த நோய் பல நாடுகளில் ஆரஞ்சு மரங்களை அழித்தது. கிச்சிலி என்னும் புளிப்பு ஆரஞ்சின் வேர் இதைத் தாங்குவதைக் கண்ட விவசாயிகள், அதையே வேர்ச்செடியாக வைத்தார்கள்.

ஆனால் 1937இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ மாநிலத்தில் வேறொரு நோய் தலைகாட்டியது. அசுவினிப் பூச்சி பரப்பும் அந்த நச்சுயிரி நோய்க்குத் 'திரிஸ்தேசா' என்று பெயர். சோகம் என்று பொருள். கிச்சிலி வேரில் ஒட்டிய இனிப்பு ஆரஞ்சு மரங்கள் லட்சம் லட்சமாகச் செத்தன. இனிப்பு ஆரஞ்சு தன் சொந்த வேரில் நின்றால் இந்த நோயைத் தாங்கும். கிச்சிலி மரமும் தனியே நின்றால் தாங்கும். இரண்டையும் சேர்த்தால்தான் கேடு. பெண்ணும் நல்லவள், மாப்பிள்ளையும் நல்லவர், பொருத்தம்தான் இல்லை என்பார்களே, அந்தக் கதைதான். ஒட்டுப் போட்ட இடத்தில் பட்டையின் உட்பகுதி கெட்டு, இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காமல், வேர் பட்டினியால் மடிகிறது.

பிரேசில்காரர்கள் ரங்கபூர் எலுமிச்சை வேருக்கு மாறிப் பிழைத்தார்கள். 1999 வாக்கில் அந்த வேரில் நின்ற மரங்களையும் 'திடீர்ச் சாவு' என்ற புது நோய் தாக்கியது. ஆகவே, எல்லா நோயையும் தாங்கும் வேர் என்று ஒன்று இல்லை. ஒரே வேரை நம்பித் தோட்டம் முழுவதையும் நடுவதும் ஆபத்து.

நம் நாட்டில் இன்று பெரிய பகை 'கிரீனிங்' என்னும் நோய். இலையின் இரு பாதியும் ஒன்றுபோல் இல்லாமல் திட்டுத் திட்டாக மஞ்சளாகும். பழம் சிறுத்துக் கோணலாகி, அடியில் பச்சையாகவே நிற்கும். இதற்கு மருந்தில்லை. சில வேர்ச்செடிகள் மரத்தின் நலிவைச் சற்றுத் தள்ளிப்போடலாம், முழுதாகக் காப்பதில்லை. நோயுள்ள மரத்தில் பதியம் போட்டால் கன்றும் நோயோடுதான் பிறக்கும்.

இதைப் பரப்பும் சிறு பூச்சி, எறும்பைவிடப் பெரிதல்ல. வாலைத் தூக்கிக்கொண்டு குருத்தில் உட்காரும். அதற்குப் பிடித்த இன்னொரு செடி எது தெரியுமா? நம் கறிவேப்பிலை! அதற்காகக் கறிவேப்பிலையை வெட்டிவிட வேண்டாம். எலுமிச்சையை விட்டுத் தள்ளி நடுவோம். பூச்சி கண்ட குருத்தைக் கிள்ளி எரித்துவிடுவோம். சமையலுக்குப் போகும் இலை அது. கண்ட விஷமருந்தையும் அதன்மேல் தெளிக்கக் கூடாது.

கன்று வாங்கும்போது மூன்று கேள்வி கேட்போம்: வேர்ச்செடி எது? தாய்மரம் நோயற்றதா? நம் மண்ணுக்கு இது ஒத்துவருமா? நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும். மண்ணை அணைத்து அதை மூடினால், தாங்கும் வேர் இருந்தும் பயனில்லை. ஒட்டுக்குக் கீழே கிளைக்கும் முளைகளை உடனே நீக்குவோம். அடியில் தண்ணீர் தேங்கவிடாமல், அரிவாள் படாமல் பார்த்துக்கொள்வோம். சந்தேகம் வந்தால் இலையோடு விவசாய இலாகாவுக்குப் போய்க் கேட்போம்.