சிறுபொருள் வார்ப்பு

சிறுபொருள் வார்ப்பு என்பது, ஒரு மூலவடிவத்தை அச்சில் பதித்து, அந்த அச்சினுள் இளகிய நிலையிலுள்ள வேறொரு பொருளை ஊற்றி இறுகச் செய்து, அதே வடிவத்தைப் பெறும் முறையாகும். மெழுகு, பாரிஸ் சாந்து, செயற்கைப் பிசின், வெள்ளீயம், வெள்ளி, வெண்கலம் எனப் பல பொருட்களில் இது செய்யப்படுகிறது. கொலு பொம்மை, பல் மருத்துவர் எடுக்கும் பற்படி, பொற்கொல்லரின் மோதிரம், சுவாமிமலைச் சிலை ஆகியவற்றின் செய்முறைகள் வெவ்வேறாகத் தோன்றினாலும் அடிப்படை ஒன்றே.

அச்சிலிருந்து வெளிவருதல்

வார்ப்புக்குப் புதியவர்கள் எதை ஊற்றுவது என்பதையே முதலில் யோசிக்கின்றனர். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, இறுகிய பொருள் அச்சிலிருந்து எவ்வாறு வெளிவரும் என்பதுதான். அச்சு வெல்லத்தைப் பார்த்தால் இது விளங்கும். அதன் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். மரப்பலகையிலுள்ள குழிகளின் சுவர்கள் சற்றே சாய்ந்திருப்பதால் பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் வெல்லம் விழுந்துவிடும். சுவர்கள் உட்பக்கம் சாய்ந்திருந்தால் எவ்வளவு தட்டினாலும் வராது.

ஆனால் எல்லா உருவங்களும் வெல்லக்கட்டிபோல் எளியவை அல்ல. பிள்ளையார் சிலையில் துதிக்கைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள சந்து, காது மடலின் பின்புறம் போன்ற உட்குழிவுகளில் விறைப்பான அச்சு சிக்கிக்கொள்ளும். இதற்கு மூன்று வழிகள் உண்டு: அச்சை இரண்டு அல்லது மேற்பட்ட துண்டுகளாகச் செய்யலாம், வளைத்து உரிக்கக்கூடிய பொருளில் செய்யலாம், அல்லது வார்த்த பின் அச்சை உடைத்துவிடலாம். மூலவடிவம், அச்சு ஆகிய இரண்டில் எதை இழக்கத் துணிகிறோம் என்பதைப் பொறுத்தே முறை அமைகிறது.

பாரிஸ் சாந்து

ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 பாகை செல்சியசில் சூடாக்கினால், அதன் படிகத்திலுள்ள நீரில் முக்கால் பங்கு வெளியேறி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எனப்படும் வெண்ணிறத் தூள் கிடைக்கும். பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டியெடுக்கப்பட்டதால் இப்பெயர் வந்தது. நீர் சேர்த்ததும் தூள் மீண்டும் ஜிப்சமாகி இறுகும். இறுகும்போது சுருங்காமல் மிகச் சிறிதளவு விரிவதால் நுண்ணிய கோடுகள்கூடத் தெளிவாகப் பதியும்.

தூளில் நீரை ஊற்றக் கூடாது. நீரில் தூளைத் தூவ வேண்டும். 100 கிராம் நீருக்குச் சுமார் 140 முதல் 150 கிராம் தூள் பொதுவான அளவு. தூவிய பின் ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, காற்றுக் குமிழி சேராமல் மெதுவாகக் கலக்க வேண்டும். இறுகிய சாந்தின்மேல் புதிய சாந்தை ஊற்றினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இருதுண்டு அச்சுகளில் முதல் துண்டின்மேல் சோப்புக் கரைசலோ வாசலினோ பூசுவர்.

உலர்ந்த சாந்து நீரை உறிஞ்சும். சாந்து அச்சினுள் களிமண் கூழை ஊற்றினால் சுவரோரமாக ஒரு படலம் கெட்டியாகும். எஞ்சிய கூழைக் கொட்டிவிட்டால் உள்ளீடற்ற பொம்மையோ கோப்பையோ கிடைக்கும்.

சாந்து இறுகும்போது வெப்பம் வெளிப்படும். பெருமளவு சாந்தின் நடுப்பகுதி 60 பாகைவரை சூடேறக்கூடும். 2007-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், கலை வகுப்பில் தன் கைகளின் படியை எடுக்க வாளியிலிருந்த சாந்தில் கைகளை வைத்த 16 வயது மாணவி ஒருவர், வெப்பக் காயத்தால் தம் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். இறுகிய சாந்திலிருந்து கையை உருவ முடியாது என்பதே இதிலுள்ள பெரும் ஆபத்து. கை, முகம் போன்றவற்றைப் படியெடுக்கப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆல்ஜினேட்டே ஏற்றது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறப்படும் இது சூடாவதில்லை. ரப்பர்போல் வளைந்து கழன்றுவிடும். ஆனால் உலர்ந்தால் சுருங்குமாதலால் உடனடியாக அதில் சாந்தை ஊற்றிவிட வேண்டும்.

சிலிக்கோன் ரப்பர்

மூலவடிவம், அச்சு இரண்டையும் இழக்காத முறை இது. ஒரே அச்சில் பல படிகள் எடுக்கலாம். திரவத்தை உருவத்தின் தலையில் ஊற்றாமல், பெட்டியின் ஒரு மூலையில் மெல்லிய தாரையாக ஊற்றித் தானே ஏறவிட்டால் குமிழிகள் குறையும். சிலிக்கோன் பிற பொருட்களில் ஒட்டுவது அரிது. ஆனால் கண்ணாடியிலும் இறுகிய சிலிக்கோனிலும் ஒட்டிக்கொள்ளும். பிளாட்டினத்தால் இறுகும் வகை, கந்தகம் கலந்த மாதிரிக் களிமண்ணோ லேட்டக்ஸ் கையுறையோ பட்டால் அந்த இடத்தில் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

இவ்வச்சுகளில் பெரும்பாலும் எபாக்சி பிசின் வார்க்கப்படுகிறது. இறுகாத எபாக்சி தொடர்ந்து தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்த ஒவ்வாமை பின் நீங்குவது அரிது. கையுறையும் காற்றோட்டமும் இதில் கட்டாயம். உலோகங்களில் வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகுவதால், வெப்பம் தாங்கும் சிறப்புவகைச் சிலிக்கோனில் அதனை வார்க்கலாம். வெள்ளி (962 பாகை), தங்கம் (1064 பாகை) ஆகியவற்றுக்கு வேறு அச்சு தேவை.

கணவாய் ஓடு

நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று விற்கப்படும் கணவாய் ஓடு, பொற்கொல்லர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அச்சு. ஓட்டை இரண்டாக அறுத்து, முகங்களைத் தேய்த்துச் சமமாக்கி, நடுவே மோதிரத்தை வைத்து அழுத்தினால் மென்மையான உட்பகுதியில் அப்படியே பதியும். மோதிரத்தை எடுத்துவிட்டு, ஊற்றுவாயும் காற்று வெளியேறச் சிறு கோடுகளும் கீறி, கம்பியால் கட்டி, உருகிய வெள்ளியை ஊற்றுவர். ஓடு கருகிவிடுமாதலால் அச்சு பெரும்பாலும் ஒருமுறைக்கே உதவும்.

மெழுகு வார்ப்பு

மூலவடிவம், அச்சு இரண்டையும் இழக்கும் முறை இது. பலூச்சிஸ்தானின் மெஹர்கரில் கிடைத்த, சுமார் 6000 ஆண்டுகள் பழமையான சக்கர வடிவச் செம்புத் தாயத்து இதன் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் இம்முறை தொடர்கிறது. தேன்மெழுகு, குங்கிலியம், நிலக்கடலை எண்ணெய் கலந்த மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணையும் பின்னர் மணல் கலந்த களிமண்ணையும் பூசி உலர்த்துகின்றனர். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றப்படும். ஒவ்வொரு சிலைக்கும் புதிதாக மெழுகு உருவம் செய்ய வேண்டியிருப்பதால், இரண்டு சிலைகள் முற்றிலும் ஒன்றாக அமைவதில்லை.

எவ்வளவு உலோகம் தேவை என்பதை மெழுகின் எடையே சொல்லிவிடும். வெண்கலம் மெழுகைவிட ஏறத்தாழ 9 மடங்கு அடர்த்தியானது. மெழுகு உருவத்தை எடைபோட்டு உலோகத்தின் அளவைக் கணிக்கும் இந்த வழக்கம், சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்திலேயே கூறப்பட்டுள்ளது.

உருகிய உலோகத்தைக் கையாளுதல்

ஈரமே இதில் முதல் எதிரி. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு சுமார் 1600 மடங்கு பெருகும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும், அந்த ஆவி உலோகத்தை வெளியே வீசியடிக்கும். வெளியே உலர்ந்து தோன்றும் சாந்து அச்சின் படிகத்திலும் நீர் உண்டு. எனவே அதைச் சூளையில் முறையாகச் சுட்டு நீரைப் போக்காமல் உலோகம் ஊற்றக் கூடாது. மண் அச்சைச் சூட்டோடு வைத்து ஊற்றுவதும், கரண்டியை முன்கூட்டிச் சூடாக்குவதும் இதனால்தான்.

எளிதில் உருகுகிறது என்பதற்காகத் தூண்டில் ஈயத்தையோ பழைய பேட்டரித் தகட்டையோ வீட்டு அடுப்பில் உருக்குவது ஆபத்தானது. ஈயத் தூசியும் புகையும் உடலில் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சிறு உருவங்களுக்கு ஈயம் கலவாத வெள்ளீயக் கலவைகள் கிடைக்கின்றன. அவற்றை உருக்கிய பாத்திரத்தையும் மீண்டும் சமையலுக்கு எடுக்கலாகாது.